கொப்பிக்குள் மடித்து வரும் கடிதம்



மாரி தொடங்கினால் கிராமத்துப் பாடசாலைக்கு வேறொரு முகம் வந்துவிடும். காலபோக விதைப்புக்குக் கூலிக்குப் போகும் தாய்மார் விடியற்காலையிலேயே வெளிக்கிட்டு விடுவார்கள். பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்க்காலைக் கடந்து வருவார்கள். அதே நாட்களில்தான் சிறுவர் தினம், ஆசிரியர் தினம், வாணி விழா, தடுப்பூசி, டெங்குச் சிரமதானம், தவணைப் பரீட்சை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். வருடத்தின் மூன்றாம் தவணை என்று நாம் சொல்லிப் பழகிய இந்தக் காலத்தில் வீட்டுக்குத் தெரியவேண்டிய விடயங்கள் அதிகம். தெரியவருவதோ மிகக் குறைவு. கொரோனாவுக்கும் பொருளாதார நெருக்கடிக்கும் பின்னர் தவணைத் திகதிகள் பல தடவை மாறிவிட்டன. முன்னர் போல “செப்டெம்பரில் தொடங்கும், டிசெம்பரில் முடியும்” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் முடிவதில்லை.

கடந்த மாதம் சுழற்சிக் கடன் பற்றி எழுதியிருந்தேன். இந்த மாதம் எழுத நினைப்பது பாடசாலைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள அந்தச் சிறிய பாதையைப் பற்றி.

பாடசாலையில் இருந்து கடிதம் வந்திருக்கிறது என்றால் எமது பெண்களில் பலருக்கு நெஞ்சு படபடக்கும். ஏனென்றால் வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டு வகைதான். ஒன்று, பணம் கேட்டு வருவது. மற்றது, “நாளை பெற்றோரை அழைத்து வரவும்” என்று ஒரு வரியில் வருவது. பிள்ளை நன்றாகப் படிக்கின்றது, நேற்று வகுப்பில் ஒரு பாட்டுப் பாடியது, பக்கத்துப் பிள்ளைக்குத் தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தது என்று சொல்லி யாரும் கடிதம் அனுப்புவதில்லை. ஆகவே பாடசாலை என்றால் குற்றம் கேட்கப் போகும் இடம் என்ற எண்ணம் தாய்மாரின் மனதில் ஊறிவிட்டது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்று பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தாயாக இருப்பவர்களில் பலர் 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தில் இருந்து புத்தகப்பையோடு நடந்தவர்கள். வன்னியில் வளர்ந்தவர்களோ 2008, 2009 ஆம் ஆண்டுகளில் படிப்பை இடைநடுவில் விட்டவர்கள். ஏழாம் வகுப்போடு நின்ற ஒரு தாய் பட்டதாரி ஆசிரியை ஒருவரின் மேசைக்கு முன்னால் போய் நிற்பது இலேசான காரியம் அல்ல. வடமராட்சி கிழக்கில் இருந்து வந்து எங்கள் பகுதியில் வாழ்க்கைப்பட்ட ஒரு அக்கா என்னிடம் சொன்னார்: “பிள்ளை, உடனே வரவும் எண்டு எழுதினால் எனக்குக் கை கால் ஓடாது. நாகர்கோவில் பள்ளிக்கூடத்தில குண்டு விழுந்த அண்டைக்கு எங்கட அம்மா ஓடின ஓட்டம்தான் நினைவுக்கு வரும்.” 1995 செப்டெம்பர் 22 இல் நடந்தது அது. அவருடைய மகனின் ஆசிரியர் அந்தக் கடிதத்தை எழுதியது, பையன் வீட்டு வேலை செய்யாமல் வந்ததற்காக.

பாடசாலைக் கூட்டங்களுக்கு நான் போகும்போது “பெற்றோரின் ஒத்துழைப்புப் போதாது” என்ற வசனத்தைக் கேட்காமல் திரும்பியதே இல்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் நாங்களும் இப்படித்தான் எழுதினோம். வறுமை, கல்வியறிவின்மை, அக்கறையின்மை என்று மூன்று காரணங்களை வரிசையாகப் போட்டால் விடை முடிந்துவிடும். இந்த வேலைக்கு வந்து பத்து வருடங்களில் அக்கறையில்லாத தாய் என்று நான் கண்டவர்களை ஒரு கைவிரலுக்குள் எண்ணிவிடலாம். கூட்டம் எத்தனை மணிக்கு என்று முதல் நாள் இரவு தெரியவந்தால், அடுத்த நாட் கூலியை விட்டுவிட்டு எப்படி வருவது? இதை ஒத்துழையாமை என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கிளிநொச்சி மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பாடசாலை. அங்கே தரம் 3 படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிள்ளைகளின் கொப்பிக்குள் அரைத்தாள் ஒன்றை மடித்து வைத்து அனுப்புகிறார். அதில் பெரிய விடயம் எதுவும் இருக்காது. நான் பார்த்த ஒன்றில் இப்படி எழுதியிருந்தது: “இந்தக் கிழமை 3 ஆம், 4 ஆம் வாய்பாடுகள் படித்தோம். செவ்வாய்க்கிழமை மழை என்பதால் விளையாட்டு நடக்கவில்லை. மண்டபத்தில் கதை சொன்னோம். அடுத்த புதன்கிழமை சுகாதாரப் பரிசோதகர் வந்து நிறை, உயரம் பார்ப்பார். யாரும் பணம் கொண்டுவரத் தேவையில்லை.”

அந்தக் கடைசி வசனத்தைத்தான் தாய்மார் முதலில் தேடுவார்களாம். ஆசிரியையே சிரித்துக்கொண்டு சொன்னார். முதல் இரண்டு மாதங்களில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது மாதத்தில் ஒரு தாய் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, “மிஸ், நாலாம் வாய்பாட்டை என்ர பிள்ளை சரியாச் சொல்லுதோ?” என்று கேட்டாராம். அதுவரையும் அவர் படலைக்கு வெளியே நின்று பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறவர்.

தொடக்கத்தில் அந்த ஆசிரியை காபன் தாள் வைத்துக் கையால் எழுதினார். பின்னர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினர் ஒரு கட்டுக் கடதாசி வாங்கிக் கொடுத்தார்கள். 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் அவர் கரும்பலகையில் நான்கு வரி எழுதிப் பிள்ளைகளைக் கொண்டே கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுவித்தார். எழுத்துப் பிழைகளோடு வந்த அந்தக் கடிதங்களைச் சில தாய்மார் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

வாசிக்கத் தெரியாத தாய்க்குப் பிள்ளைதான் வாசித்துக் காட்டும். இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஒரு பையன், “வெள்ளிக்கிழமை எல்லாரும் ஐஸ்கிறீமுக்கு நூறு ரூபா கொண்டுவரவேணும்” என்று இல்லாத ஒரு வரியையும் சேர்த்து வாசித்திருக்கிறான். பக்கத்து வீட்டுச் சிறுமியின் தாளில் அந்த வரி இல்லை என்பது பின்னேரமே வெளிப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையில் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்து இருத்தித்தான் கடிதம் வாசிக்கிறார்கள்.

“இப்போது வட்ஸ்அப், வைபர் இருக்கும்போது கடதாசி எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர்தான் இந்தக் குழுக்கள் எங்கள் கிராமங்களுக்கு வந்தன. வந்ததால் நன்மை இல்லை என்று சொல்லமாட்டேன். வெளிநாட்டில் இருக்கும் தகப்பனும் பிள்ளையின் பரிசளிப்புப் படத்தைப் பார்க்க முடிகின்றது. ஆனால் வகுப்பில் எத்தனை வீடுகளுக்கு அந்தத் தொலைபேசி உண்மையில் போய்ச் சேர்கின்றது என்று பார்க்க வேண்டும். சில வீடுகளில் பட்டன் தொலைபேசி மட்டும்தான். சில வீடுகளில் நல்ல தொலைபேசி மூத்த மகனின் கையில். அவன் வேலைக்குப் போய் இரவு ஒன்பது மணிக்குத்தான் வருவான். டேட்டா காட் முடிந்துவிட்டால் சம்பளம் வரும்வரை குழு இல்லை. செல் சத்தத்தில் காது கேட்காமற் போன ஒரு தாய்க்கு எழுத்துச் செய்தி பெரிய உதவி. கண் பார்வை குறைந்த இன்னொருவருக்குக் குரற்பதிவு வேண்டும். எல்லாருக்கும் ஒரே வழி சரிவராது.

இன்னொரு விடயத்தைப் பெண்கள் வெளியில் சொல்வதில்லை. குழுவில் சேர்ந்தால் எங்களுடைய இலக்கம் குழுவில் உள்ள எல்லாருக்கும் தெரிந்துவிடும். கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு தனியாக வாழும் ஒரு தங்கை வகுப்புக் குழுவில் இருந்து விலகிவிட்டார். ஏன் என்று ஆசிரியர் கேட்டபோது தொலைபேசி பழுது என்றார். எங்கள் நிலையத்துக்கு வந்தபோதுதான் உண்மையைச் சொன்னார்: குழுவில் இருந்த ஒருவர் இரவில் எடுத்துக் கதைக்கத் தொடங்கிவிட்டாராம். “ஊரில சொன்னால் என்னைத்தான் பிழை சொல்லுவினம் அக்கா” என்றார். அவர் விலகிய அடுத்த கிழமை பரீட்சை அட்டவணை மாறியது. அவருடைய மகள் கணிதப் பரீட்சைக்குத் தமிழ்ப் புத்தகத்தோடு போனாள்.

தங்கையின் சம்மதத்தோடு நாங்கள் அதிபரிடம் பேசினோம். பெயர் சொல்லவில்லை. குழுவுக்குப் பதிலாக ஆசிரியர் ஒரு பட்டியல் வைத்து எல்லாருக்கும் தனித்தனியாகச் செய்தி போகும்படி செய்யும் வசதி வட்ஸ்அப்பிலேயே இருக்கின்றது. அப்போது ஒருவருடைய இலக்கம் மற்றவருக்குத் தெரியாது. ஆசிரியரின் இலக்கத்தை எங்கள் தொலைபேசியில் பதிந்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் செய்தி வராது. இது தெரிந்திருந்தால் நீங்களும் உங்கள் வகுப்பாசிரியரிடம் கேட்கலாம். ஏன் என்று காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

இனி மழை விடயத்துக்கு வருகிறேன். இந்தப் பத்தியை எழுத வைத்ததே அதுதான்.

2018 டிசெம்பரில் ஓர் இரவு பெய்த மழையோடு கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை நீங்கள் அறிவீர்கள். அப்போது பாடசாலை விடுமுறை. ஆனால் எல்லா வெள்ளமும் விடுமுறை பார்த்து வருவதில்லை. 2024 நவம்பர் இறுதியில் உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே மழை பெருகிப் பரீட்சை இடைநிறுத்தப்பட்டது. அந்த மாதம் 26 ஆம் திகதி அம்பாறை மாவட்டம் மாவடிப்பள்ளியில், மதரசாவில் இருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. மாணவர்கள் உயிரிழந்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் பாடசாலைகள் மூடப்பட்டன, உயர்தரப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது. நாட்டின் பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயின.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மழைக்காலத்தில் பாடசாலை திடீரென்று மூடப்படும் என்பது இப்போது எல்லாருக்கும் தெரிந்த விடயம். அந்த நேரத்தில் பிள்ளை எங்கே போகும் என்பதை அந்த நேரத்திலேயே தீர்மானிக்க முடியாது.

ஒரு பாடசாலையில் நடந்ததைச் சொல்கிறேன். காலை பத்து மணிக்கு வான் கறுத்துவிட்டது. பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். தரம் 7 படிக்கும் ஒரு சிறுமியின் தாய் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவர். காலை ஐந்தரைக்கு பஸ் ஏறினால் இரவு ஏழு மணிக்குத்தான் திரும்புவார். வேலை நேரத்தில் தொலைபேசியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும். குழுவுக்குச் செய்தி வந்திருக்கின்றது. பெட்டிக்குள் இருந்த தொலைபேசிக்கு. வீட்டுத் திறப்பு தாயிடம். சிறுமி நனைந்த சட்டையோடு குளத்துக்கட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளையார் கோயிலில் மாலை வரையும் தனியே இருந்திருக்கிறாள். அந்த வழியால் போன ஒரு ஆச்சி கண்டு கூட்டிக்கொண்டு போய் வைத்திருந்தார். கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஆறு மணித்தியாலம் தனியே இருந்தாள் என்றால் என்னவெல்லாம் நடந்திருக்கலாம் என்று எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தாய் மறுநாள் பாடசாலைக்குப் போனபோது, “குழுவில போட்டோமே” என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில்.

அறிவித்தல் என்பது அனுப்பியதோடு முடிகின்ற வேலையா, போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் அதற்குள் அடங்குமா என்பதில்தான் எனக்கும் அந்தப் பாடசாலைக்கும் கருத்து வேறுபாடு. நான் இரண்டாவது பக்கம்.

முன்னர் சொன்ன தரம் 3 ஆசிரியையின் பாடசாலையில் மழை தொடங்குவதற்கு முன்பே ஒரு தாள் வீட்டுக்கு வரும். அதில் மூன்று வரிகள் மட்டும். பாடசாலை இடையில் விட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகக்கூடியவர் யார்? அவர் வராவிட்டால் பிள்ளை எந்த வீட்டில் நிற்கும்? பகலில் வீட்டில் இருக்கின்ற, தொலைபேசி எடுக்கக்கூடிய ஒருவரின் இலக்கம் என்ன? மூன்றாவது வரியில் பல தாய்மார் தங்களுடைய இலக்கத்தை எழுதாமல், சங்கக்கடைக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் அம்மாவின் இலக்கத்தை எழுதியிருக்கிறார்கள். மிகச் சரியான முடிவு. பெயர் எழுதப்படாத யாரோடும் பிள்ளையை அனுப்புவதில்லை. மாமா என்று சொல்லிக்கொண்டு வந்தாலும் அனுப்புவதில்லை.

தொலைபேசி வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். வகுப்பில் 24 பிள்ளைகள். நான்கு தாய்மார் பாடசாலைக்குக் கிட்ட இருக்கிறார்கள். ஒருவருக்கு ஐந்து வீடு. செய்தி வந்தால் அந்த ஐந்து வீட்டுக்கும் நடந்தோ சைக்கிளிலோ போய்ச் சொல்லவேண்டும். வீடு பூட்டியிருந்தால் கதவில் எழுதி வைப்பதில்லை, வீட்டில் ஆள் இல்லை என்பதை ஊருக்கே அறிவிப்பதாகிவிடும். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வரவேண்டும். இந்த யோசனை ஆசிரியையுடையது அல்ல. இடம்பெயர்ந்த காலத்தில் நிவாரணம் வந்திருக்கிறது என்று கொட்டிலுக்குக் கொட்டில் செய்தி சொன்ன பழக்கத்தை வைத்துத் தாய்மாரே சொன்னது. இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்படப் போகின்றன என்ற செய்தி கிராம அலுவலரிடம் வந்தால் அதுவும் இதே வழியால் போகின்றது.

சுகாதாரக் கடிதங்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். தரம் 6 பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 2017 இல் இருந்து இலவசமாகக் கொடுக்கப்படுகின்றது. தரம் 7 இல் ஏற்புவலி, தொண்டைக்கரப்பான் தடுப்பூசி. முதலாவது ஊசியைப் பற்றி, “பிறகு பிள்ளை பிறக்காதாம்” என்று ஒரு கதை ஊருக்குள் உலாவியது. அது முற்றிலும் தவறு. ஆனால் ஊசி போடும் நாளுக்கு முதல் நாள் அரைகுறையாக ஒரு துண்டு வந்தால் அந்தக் கதைக்குத்தான் பலம் கூடும். குடும்பநல உத்தியோகத்தர் ஒரு மணித்தியாலம் வந்து தாய்மாரோடு இருந்து கதைத்த பாடசாலையில் எல்லாரும் சம்மதித்தார்கள். வெள்ளத்தில் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் கைமருந்தோடு நிற்கவேண்டாம் என்பதையும் பாடசாலைகள் சொல்லவேண்டும். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிரிழப்புகளும் ஏற்பட்டன.

வீட்டில் இருந்து பாடசாலைக்குப் போகும் தாள்களிலும் சிக்கல் உண்டு. 2009 இல் பிறந்த பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை வயதுக்கு வந்துவிட்டார்கள். படிவங்களில் “தந்தையின் பெயர்” என்ற இடத்துக்குப் பக்கத்தில், உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று ஒரு கேள்வி. கணவனைக் கையில் ஒப்படைத்துவிட்டு இன்றுவரை தேடும் பெண் அதில் எதை எழுதுவது? ஒரு தாய் அந்த இடத்தை வெறுமையாக விட்டு அனுப்பினார். “பூரணமற்றது” என்று சிவப்பு மையால் எழுதித் திரும்பி வந்தது. இரண்டாவது தடவையும் வெறுமையாகவே அனுப்பினார். மூன்றாவது தடவை வகுப்பாசிரியர் அவருடைய வீட்டுக்கே போய் முற்றத்தில் இருந்து கதைத்தார். அந்தப் பாடசாலை தன் சொந்தப் படிவத்தில் இப்போது “பாதுகாவலரின் பெயர்” என்று மட்டும் கேட்கின்றது. பாடசாலைகள் தாமே அச்சடிக்கும் தாள்களில் இந்த அளவு மாற்றம் செய்வதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்டால் பிள்ளையைப் பழிவாங்குவார்களோ என்ற பயம் பலருக்கு உண்டு. பிள்ளையின் பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் உறுப்பினராகும் உரிமை இருக்கின்றது. சேர்த்த பணத்துக்கு என்ன நடந்தது என்று அங்கே கேட்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச பாடசாலைகளுக்கும் பொருந்தும். ஆனால் சட்டத்தைக் கையில் எடுப்பதற்கு முன் இரண்டு மூன்று தாய்மாராகச் சேர்ந்து அதிபரைப் போய்ச் சந்தியுங்கள். தனியே போவதை விட அதில் பலன் அதிகம் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

நான் மேலே சொன்ன மூன்று வரித் தாளை அடுத்த இதழின் நடுப்பக்கத்தில் அச்சிட்டுத் தருகிறோம். வெட்டி எடுத்து நிரப்பி வகுப்பாசிரியரிடம் கொடுக்கலாம். எழுத முடியாதவர்கள் புதன், சனி நாட்களில் எமது நிலையத்துக்கு வாருங்கள், எழுதித் தருவோம். வரும்போது பகலில் வீட்டில் இருக்கும் அந்த ஒருவரிடம் முதலில் சம்மதம் கேட்டு, அவருடைய தொலைபேசி இலக்கத்தையும் கொண்டு வாருங்கள்.